கிடங்கை விட்டுப் போன பிறகு

தடைகளைக் கண்காணிக்கும் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை எது கிடைத்தாலும் நான் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். முன்னால் இருக்கும் சுருக்கமும் பரிந்துரையும் எப்படியும் செய்தியில் வந்துவிடும். எனக்கு வேண்டியது பின்னால் இருக்கும் இணைப்புகள். பாதி கிழிந்த லேபிளின் போட்டோ, தோட்டா உறையின் அடிப்பாகம், விமானத்தில் ஏற்றிய சரக்கின் ரசீது, ஏதோ ஒரு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், அதன்மேல் ஒரு கையெழுத்து. ஒரு நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று உலகமே சேர்ந்து தடை போட்ட பிறகும் அங்கே துப்பாக்கி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இந்தத் துண்டுக் காகிதங்களில்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் தொழிலில் வந்தது. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலை அடிவாரத்தில், வெள்ளைக்கல் என்று நாங்கள் சொல்லும் மேக்னசைட் வெட்டுகிற சுரங்கம் ஒன்றில் வெடிமருந்துக் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வெடிச் சத்தமும் அதற்கு முன்னால் ஊதுகிற சங்கும் பழகிப் போயிருக்கும். வெடி வைப்பது என் வேலை இல்லை. அதற்குச் சான்றிதழ் வாங்கிய பிளாஸ்டர் இருந்தார். என் வேலை எண்ணுவது. சரக்கு வந்தால் எண்ணி வாங்க வேண்டும், கேட்டால் எண்ணிக் கொடுக்க வேண்டும், மிச்சம் வந்தால் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். மருந்து தனி அறை, அதை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர் தனி அறை. ரிஜிஸ்தரில் ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப இருப்பு, வரவு, கொடுத்தது, திரும்பியது, மிச்சம் என்று வரிசையாகக் கட்டம். சாயங்காலம் அந்தக் கடைசிக் கட்டமும் அலமாரியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் பூட்டுப் போட முடியும்.

ஒரு ஐப்பசி மழையில் கணக்கு உதைத்தது. கொடுத்ததில் இருந்து வெடித்ததையும் திரும்பியதையும் கழித்தால் ஒரு டெட்டனேட்டர் இடிக்கிறது. "ஒண்ணுதானுங்களே, விடிஞ்சதும் பாத்துக்கலாமுங்க" என்றார் மேட் அண்ணன். நல்ல மனிதர், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வேறு. மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டர், இரண்டு ஹெல்பர்கள், வாட்ச்மேன், நான் எல்லோரும் டார்ச் எடுத்துக்கொண்டு, சுரங்கத்தில் படிபடியாக வெட்டிய தளங்களில், பெஞ்ச் பெஞ்சாக இறங்கித் தேடினோம். வெள்ளைக்கல் தூள் மழையில் குழைந்து செருப்பைப் பிடித்து இழுத்தது. கடைசியில், ஒயர் நனையாமல் இருக்கப் போர்த்தியிருந்த சாக்கின் மடிப்புக்குள் கிடந்தது அது. விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியக் குழாய், வாலில் இரண்டு ஒயர். உள்ளே வைத்து, எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவரவர் வண்டியை எடுத்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை. தொலைந்தது யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாதே, அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

2016 பிப்ரவரியில் வந்த ஒரு அறிக்கை அந்தப் பயத்தை வேறு அளவில் காட்டியது. அதை எழுதியது கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்று பிரிட்டனில் இருந்து இயங்கும் ஒரு அமைப்பு, 2011-ல் தொடங்கியது. அதன் ஆட்கள் ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். படை விட்டுவிட்டு ஓடிய இடங்களுக்கு நேரில் போய், அது வெடிகுண்டு செய்யப் பயன்படுத்திய பொருட்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள். ரசாயன மூட்டை, ஒயர், செல்போன், டெட்டனேட்டர் என்று 700-க்கும் மேற்பட்ட பாகங்கள். பிறகு அதில் இருந்த பெயரையும் எண்ணையும் வைத்து, செய்தவர்களுக்கே கடிதம் எழுதி, யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 20 நாடுகளைச் சேர்ந்த 51 நிறுவனங்களின் பொருட்கள். அதில் 7 நிறுவனங்கள் நம் நாட்டுக்காரர்கள். களத்தில் கண்ட டெட்டனேட்டர், கார்டெக்ஸ் என்கிற வெடிக்கும் கயிறு, திரி ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த ஏழு இடங்களில் செய்தது.

எல்லாமே முறைப்படி போனவை. வெடிபொருள் ஏற்றுமதிக்கு நம் நாட்டில் அரசு லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸோடு லெபனானுக்கும் துருக்கிக்கும் போயிருக்கின்றன. செய்தவர்கள் யாரும் ஐ.எஸ். படைக்கு நேராக விற்றார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. அங்கே வாங்கிய வியாபாரிக்குப் பிறகு பாதை திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லேபிளைப் பார்த்ததுமே அது எந்த மாதிரிப் பெட்டியில் இருந்து வந்தது என்று என் கைக்குத் தெரிந்தது. ஒரு கல் உடைக்கிற ஊரில் ஒன்று குறைந்ததற்கு மழையில் நனைந்து தேடினோம். அதே சரக்கு எல்லை தாண்டிப் போனால், முதலில் வாங்கியவன் கையெழுத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் ஒரு உத்தரவு போட்டது. சிவில் வேலைக்கான வெடிபொருள் ஒவ்வொன்றிலும் தனித்த அடையாளக் குறி இருக்க வேண்டும், பெட்டி மேல் மட்டும் போதாது, கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அது பதிவாக வேண்டும் என்று. டெட்டனேட்டரும் அதில் அடக்கம். இதை எல்லா நாடுகளும் செய்ய வேண்டும், நாமும் செய்ய வேண்டும். செலவு ஆகும்தான். பெட்டியை உடைத்துப் பத்து, இருபது என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் பெட்டி லேபிளால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது கிடங்கில் உட்கார்ந்தவன் எவனுக்கும் தெரியும்.

மேலே சொன்னது தனியார் அமைப்பு. ஐ.நா.வின் குழுக்கள் வேறு. பாதுகாப்பு கவுன்சில் ஒரு நாட்டின் மீதோ ஒரு படையின் மீதோ தடை போடும்போது, அதைக் கவனிக்கக் கவுன்சிலின் 15 உறுப்பினர்களும் உட்காரும் ஒரு தடைக் கமிட்டியையும் அமைப்பது வழக்கம். 1966-ல் தெற்கு ரொடீசியா மீது போட்டதுதான் ஐ.நா.வின் முதல் கட்டாயத் தடை. 1977-ல் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதத் தடை வந்தது. ஆனால் ரொம்ப காலத்துக்குக் கமிட்டி என்றால் நியூயார்க்கில் உட்கார்ந்து, நாடுகள் தாமாக எழுதி அனுப்புவதைப் படிப்பது மட்டும்தான். தடையை மீறுகிறவன் தானே எழுதித் தருவானா?

அதை மாற்றியது அங்கோலா. யுனிட்டா என்ற கிளர்ச்சிப் படைக்கு ஆயுதமும் எரிபொருளும் விற்கக் கூடாது, அதனிடம் வைரம் வாங்கக் கூடாது என்று தடைக்கு மேல் தடை. இருந்தும் சண்டை ஓயவில்லை. 1999-ல் கமிட்டித் தலைவராக இருந்த கனடா தூதர் ராபர்ட் ஃபௌலரின் முயற்சியில், களத்துக்கே போய் விசாரிக்கும் நிபுணர் குழு ஒன்றைக் கவுன்சில் அமைத்தது. 2000 மார்ச்சில் அறிக்கை வந்தபோது ராஜதந்திர வட்டாரமே ஆடிப்போனது. டோகோ, புர்கினா ஃபாசோ நாடுகளின் பதவியில் இருந்த ஜனாதிபதிகளையே பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். அதுவரை ஐ.நா. காகிதத்தில் அப்படி யாரும் எழுதியதில்லை.

அதற்குப் பிறகு அதே மாதிரியில் சியரா லியோன், லைபீரியா, சோமாலியா, காங்கோ, சூடானின் டார்ஃபூர், வடகொரியா, லிபியா, ஏமன் என்று குழுக்கள் வந்தன. பெரும்பாலும் ஐந்தில் இருந்து எட்டுப் பேர்தான். ஆயுதம் தெரிந்தவர் ஒருவர், பணப் போக்கு தெரிந்தவர் ஒருவர், விமானமோ கப்பலோ சுங்கமோ தெரிந்தவர் ஒருவர், வைரம், தங்கம், மரம் மாதிரி இயற்கை வளம் தெரிந்தவர் ஒருவர். இவர்கள் ஐ.நா.வின் நிரந்தர ஊழியர்கள் கிடையாது, ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். குழுவின் ஆயுளே பெரும்பாலும் ஒரு வருடம். கவுன்சில் நீட்டித்தால் இருக்கும். யாரையும் கைது செய்யவோ வீட்டைச் சோதனை போடவோ அதிகாரம் இல்லை. கேட்கலாம், பார்க்கலாம், கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

அந்தக் கடிதம் எழுதுவது சின்ன வேலை இல்லை. இந்த எண்ணுள்ள துப்பாக்கியை நீங்கள் யாருக்கு விற்றீர்கள் என்று ஒரு நாட்டைக் கேட்கிறார்கள். பதில் வந்தால் அடுத்த நாட்டுக்கு அடுத்த கடிதம். பதில் வராவிட்டால் அறிக்கையில் அதுவும் ஒரு வரியாக ஏறும்: இத்தனாம் தேதி கேட்டோம், எழுதும் வரை பதில் இல்லை. குற்றம் சாட்டப்படுகிறவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், ஒரே ஆள் சொன்னதை நம்பி எழுதக் கூடாது, முடிந்தவரை மூலக் காகிதத்தையோ நேரில் கண்டதையோ வைத்துத்தான் எழுத வேண்டும் என்று 2006-ல் நெறிமுறையே வகுத்திருக்கிறார்கள். தகவல் தந்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவர் பெயர் வெளியே வராது.

தோட்டா உறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுட்டு முடித்த பித்தளை உறையின் அடிவட்டத்தில், நடுவில் இருக்கும் கேப்பைச் சுற்றி, சின்னதாக எண்ணோ எழுத்தோ அடித்திருக்கும். பெரும்பாலும் ஒன்று எந்தத் தொழிற்சாலை, இன்னொன்று எந்த வருடம். நம் நாட்டு உறையில் கே.எஃப். என்று இருந்தால் புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலை. சண்டை நடந்த ஊரில் குனிந்து உறை பொறுக்குகிற நிபுணருக்கு அந்த வருடம்தான் முக்கியம். தடை வந்தது 2005-ல், உறையில் இருப்பது அதற்குப் பிந்தைய வருடம் என்றால் தனியாகச் சாட்சி தேவையில்லை. தடைக்கு முன்னால் வாங்கி வைத்த பழைய சரக்கு என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. டார்ஃபூரில் அப்படித்தான் தடைக்குப் பிறகு செய்த சீனத் தோட்டா உறைகள் அகப்பட்டன. 2010-ல் அந்தக் குழுவின் அறிக்கையை வெளியிட விடாமல் சீனா எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தது. உறை பொய் சொல்லாது என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம்.

கப்பலுக்கும் இப்படி ஒரு எண் உண்டு. பெயரை மாற்றலாம், கொடியை மாற்றலாம், முதலாளியை மாற்றலாம், ஐ.எம்.ஓ. எண் என்கிற ஏழு இலக்கம் கப்பலை உடைக்கும்வரை மாறாது. அதில் ஒரு அழகு இருக்கிறது. சோங் சோன் காங் என்ற வடகொரியக் கப்பலின் எண் 7937317. முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 49, 54, 15, 28, 9, 2. கூட்டினால் 157. கடைசி இலக்கம் 7, எண்ணின் கடைசி இலக்கமும் 7. இது பொருந்தவில்லை என்றால் யாரோ எண்ணைப் பெயின்ட் அடித்து மாற்றியிருக்கிறார்கள் என்று பேப்பரும் பென்சிலும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கப்பல் 2013 ஜூலையில் கியூபாவில் இருந்து திரும்பும்போது பனாமாவில் பிடிபட்டது. போதைப்பொருள் இருக்கலாம் என்ற சந்தேகத்தில்தான் நிறுத்தினார்கள். மேலே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை மூட்டைகள். அத்தனையையும் இறக்கிப் பார்த்தால் அடியில் கன்டெய்னர்கள், உள்ளே ஏவுகணைச் சாதனங்களும் இரண்டு மிக்-21 விமானங்களும் அவற்றுக்கான இன்ஜின்களும். வடகொரியாவுக்கான நிபுணர் குழு அங்கே போய் ஒவ்வொன்றையும் பதிவு செய்தது. கப்பலின் பயணக் குறிப்பு, மாலுமிகளுக்குக் கொடுத்த ரகசிய உத்தரவு, இருப்பிடம் காட்டும் கருவியை எப்போது அணைத்தார்கள் என்பது வரை 2014 அறிக்கையில் இருக்கிறது. அதே வருடம் ஜூலையில் அந்தக் கப்பலை இயக்கிய நிறுவனம் தடைப் பட்டியலில் ஏறியது. மூட்டை இறக்கிய பனாமா தொழிலாளிகளை நினைத்துக்கொள்வேன். லாரியில் இருந்து அமோனியம் நைட்ரேட் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்தவன் நான்.

ஆனால் எண்ணைவிடக் கையெழுத்துதான் அதிகம் ஏமாற்றியிருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆயுதம் விற்கும்போது இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்று ஒரு காகிதம் வாங்கும். இந்தச் சரக்கு எங்கள் ராணுவத்துக்கே, வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று வாங்கும் நாட்டின் அமைச்சகம் எழுதித் தர வேண்டும். சியரா லியோன் குழு 2000 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் அப்படி ஒரு காகிதத்தின் கதை இருக்கிறது. 1999 மார்ச்சில் உக்ரைனில் இருந்து 68 டன் ஆயுதம் புர்கினா ஃபாசோவின் தலைநகர் ஔகாடூகூவில் இறங்கியது. சான்றிதழில் இருந்தது புர்கினா ஃபாசோவின் பெயர். விற்ற உக்ரைன் அதைக் காட்டி, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்றது. சில நாட்களிலேயே அதே சரக்கு லியோனிட் மினின் என்ற வியாபாரியின் சின்ன விமானத்தில் தடவை தடவையாக லைபீரியாவுக்குப் போனது. லைபீரியா மீது 1992-ல் இருந்தே ஆயுதத் தடை. அங்கிருந்து எல்லை தாண்டி, சியரா லியோனில் ஜனங்களின் கையை வெட்டிக்கொண்டிருந்த ஆர்.யு.எஃப். படைக்கு. விமான நிலையப் பதிவு, பறந்த பாதை, விமானத்தின் வால் எண், நேரில் கண்டவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கோத்து எழுதினார்கள். அந்தக் குழுவில் ஹர்ஜித் சந்து என்ற இந்தியப் போலீஸ் அதிகாரியும் இருந்தார். இதை நம் ஊர்ப் பத்திரிகைகள் கொண்டாடியிருக்க வேண்டும்.

சட்டம் படிக்கும் என் அக்கா மகளிடம் இதை அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்டு சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்: "இத்தனை கண்டுபிடிச்சும் ஒருத்தரையும் புடிச்சு உள்ள போட முடியாதுன்னா, அப்புறம் எதுக்கு மாமா இந்தக் குழு?"

நியாயமான கேள்வி. "உடனே எதுவும் நடக்காதும்மா" என்றேன். எத்தனையோ அறிக்கைகள் கமிட்டியின் அலமாரியில் தூங்குகின்றன, வல்லரசுக்கு வேண்டப்பட்ட நாடு என்றால் பேச்சே எழாது. ஆனால் அந்தச் சியரா லியோன் குழுவில் இயன் ஸ்மைலி என்ற கனடாக்காரர் இருந்தார், வைர வியாபாரம் தெரிந்தவர். லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் மீதான வழக்கில் 2008 ஜனவரியில் முதல் சாட்சியாகக் கூண்டேறியவர் அவர்தான். 2012-ல் டெய்லருக்கு 50 வருடம் தண்டனை. காங்கோவிலும் ஒன்று நடந்தது. எம்23 என்ற படைக்கு ருவாண்டா உதவுகிறது என்று 2012-ல் நிபுணர் குழு ஆதாரத்தோடு எழுதியதும், ருவாண்டாவுக்கு உதவி கொடுத்துவந்த பல நாடுகள் பணத்தை நிறுத்தின. அடுத்த வருடம் நவம்பரில் அந்தப் படை தோற்றது. பல வருடம் கழித்து அது திரும்ப எழுந்துவிட்டது என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த இடைவெளியில் பிழைத்த ஊர்கள் பிழைத்தவைதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது சார்ஜ் ஷீட் இல்ல, ஆனா சார்ஜ் ஷீட்டுக்கு வேணுங்கறது எல்லாம் இதுல இருக்கு" என்றாள். என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டாள்.

இந்த வேலைக்கு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. மைக்கேல் ஷார்ப் அமெரிக்கர், காங்கோ குழுவின் ஒருங்கிணைப்பாளர். சைதா கத்தலான் ஸ்வீடனைச் சேர்ந்தவர், மனித உரிமை மீறல்களை விசாரித்தவர். 2017 மார்ச் 12-ம் தேதி கசாய் பகுதியில், அங்கே நடந்த கொலைகளைப் பற்றி ஊர் ஆட்களிடம் பேச மோட்டார் சைக்கிளில் போனார்கள். பாதுகாப்புப் படை கூட இல்லை. வழியில் மறித்துக் கொன்றார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன. அவர்களோடு போன காங்கோ மொழிபெயர்ப்பாளரையும் வண்டி ஓட்டிகளையும் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. எங்கள் சுரங்கத்தில் விபத்து என்றால் இன்ஜினியர் பெயர் பேப்பரில் வரும், கூலியாளுக்கு "மேலும் இருவர்" என்று போடுவார்கள். 2022 ஜனவரியில் காங்கோ ராணுவ நீதிமன்றம் 51 பேருக்கு மரண தண்டனை விதித்தது, பலர் தலைமறைவில் இருக்க. ஒரு கர்னலுக்கு 10 வருடச் சிறை. ஏவி விட்டது யார் என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்களுக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை.

ஆட்களைக் கொன்றும் நிறுத்த முடியாத இந்த வேலையை, கை தூக்கி நிறுத்திவிடலாம் என்பதை 2024-ல் பார்த்தோம். வடகொரியக் குழு 2009-ல் அமைந்தது, வருடா வருடம் நீட்டிப்பு. 2024 மார்ச் 28-ம் தேதி நீட்டிப்பு ஓட்டுக்கு வந்தபோது 13 நாடுகள் ஆதரித்தன, சீனா விலகி நின்றது, ரஷ்யா வீட்டோ போட்டது. உக்ரைன் போருக்கு வடகொரியாவின் ஆயுதம் ரஷ்யாவுக்குப் போகிறதா என்று இதே குழு விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 30-ம் தேதியோடு குழு கலைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வடகொரியா மீதான தடை அப்படியே இருக்கிறது, ஒரு வரிகூட நீக்கப்படவில்லை. அதைக் கண்காணித்தவர்களை மட்டும் எடுத்துவிட்டார்கள். ரிஜிஸ்தரை அப்படியே வைத்துவிட்டுக் கிடங்குப் பொறுப்பாளரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கா, தென்கொரியா, ஜப்பான் உள்பட 11 நாடுகள் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தன. 2025 மே மாதம் முதல் அறிக்கையும் வந்தது. வராமல் இருப்பதைவிட நல்லதுதான், உழைப்பும் தெரிகிறது. ஆனாலும் இது பழைய குழுவுக்கு ஈடாகாது என்பதே என் எண்ணம். பதினோரு நாடுகளும் ஒரே பக்கத்து நாடுகள். பழைய குழுவில் அமெரிக்கரும் சீனரும் ரஷ்யரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டு எழுதினார்கள். அப்படிச் சண்டைக்குப் பிறகும் மிஞ்சிய வரிக்கு ஒரு கனம் இருந்தது. எதிர்ப்பக்கத்து ஆளே ஒத்துக்கொண்ட கணக்கை யாரும் எளிதில் தள்ள முடியாது.

இந்தியா அந்தப் பதினொன்றில் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஐ.நா. குழுக்களின் நீட்டிப்பு ஓட்டுக்கு வரும்போதெல்லாம், உலகத்துக்கே டெட்டனேட்டர் ஏற்றுமதி செய்கிற நாடு என்ற முறையில், நாம் கவுன்சிலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தக் குழுக்கள் வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். நம் சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று நமக்குக் கடிதம் எழுதிக் கேட்க வெளியில் ஒரு ஆள் இருப்பது நமக்கும் நல்லது. லைசென்ஸ் கொடுத்த பிறகு, வாங்கியவன் கிடங்குக்கு நம் ஆளே போய் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் வர வேண்டும். தரகனின் காகிதத்தை நம்பி அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

வடகொரியக் குழுவின் கடைசி அறிக்கை 2024 மார்ச்சில் வந்தது. 2017-ல் இருந்து 2023 வரை கிரிப்டோ நிறுவனங்கள் மீது வடகொரியா நடத்தியதாகச் சந்தேகிக்கும் 58 இணையத் தாக்குதல்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம், போன பணம் சுமார் 300 கோடி டாலர், அது ஆயுதத் திட்டத்துக்கு உதவுகிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். விசாரணை தொடர்கிறது என்று எழுதி ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, தொடர ஆள் இல்லாமல் போய்விட்டது. அக்கா மகள் இப்போது அந்த அறிக்கையைத்தான் கல்லூரிக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறாள். 58-ஐயும் தனித்தனியாக எழுதி, எது எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.